பன்னிரண்டு போய்ப் பதினாறு வந்தது!

"என்ன ராசி? என்ன நட்சத்திரம்?" என்று எவரேனும் கேட்டுவிட்டால் போதும், எங்கள் படிப்பகத்து நண்பர் ஒருவருக்குக் கண் சிவந்துவிடும். கேட்டவர் நரைத்த தலையராயினும் விடமாட்டார். கோடிக்கணக்கான கல் தொலைவில் தன்பாட்டுக்குச் சுழலும் சனிக்கு உங்கள் வீட்டுப் பெண்ணின் திருமணத்திலே என்ன அக்கறை? செவ்வாய்க்கு வேறு வேலை இல்லையா? ஒரே நாழிகையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கும் ஒரே வாழ்வா அமைந்தது? அடுக்கடுக்காக வினாக்கள் பாயும். அருகே நின்று கேட்க இனிமையாக இருக்கும்.

அந்த நண்பர், ஈராண்டுக்கு முன் ஒரு மாலை, படிப்பகத்தில் என் அருகே வந்து அமர்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "தோழர், நீங்கள் எந்த வகை?" என்றார்.

"வகையா? எதில்?"

"ஆளுமை வகைகள் பதினாறில்தான். நான் ஐ.என்.டி.ஜே. மிக அரிய வகை. அகமுகம், உள்ளுணர்வு, சிந்தனை, தீர்மானம் நான்கும் சேர்ந்தது. எதையும் ஆராய்ந்து ஆராய்ந்து பார்ப்பவர்கள் நாங்கள். அதனால்தான் கூட்டம் எனக்கு ஒத்துவருவதில்லை. அதனால்தான் துண்டறிக்கை கொடுக்க வீடு வீடாக வர என்னால் இயலவில்லை. தவறாக எண்ணாதீர்கள், என் அமைப்பு அப்படி!"

என் அமைப்பு அப்படி! எங்கோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று எண்ணினேன். ஆம், கேட்ட குரல்தான். "என் ஜாதகம் அப்படி, ஏழாமிடத்தில் சனி" என்று பெருமூச்சு விடும் பாட்டியின் குரல்! பாட்டி ஏட்டை நம்பினாள். பேரன் கைப்பேசியை நம்புகிறான். பாட்டிக்குப் பன்னிரண்டு கட்டம், பேரனுக்குப் பதினாறு. கட்டத்தை உடைக்கக் கிளம்பியவன், நான்கு கட்டம் கூடுதலாகப் பெற்று வீடு திரும்பியிருக்கிறான்!

பிறர் குறை பேசுமுன் என் குறையையும் சொல்லிவிட வேண்டும். அன்றிரவே நானும் அந்த வினாக்களுக்கு விடையளித்தேன். மாணவரின் விடைத்தாள் கட்டு திருத்தப்படாமல் மேசைமீது கிடந்தது. அதை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் என்னை நானே திருத்திக்கொண்டிருந்தேன். நானும் ஆராய்வோர் குலத்தைச் சேர்ந்தவன் என்று முடிவு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மகிழ்ந்தேன். என்னைப் போன்றோரைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் இவ்வூருக்கு இல்லை என்றுகூட ஒரு நாழிகை நம்பினேன். ஒரு திங்கள் கழித்து மீண்டும் எழுதிப் பார்த்தேன். ஓர் எழுத்து மாறிவிட்டது. சிந்தனையாளனாகப் படுத்தவன் உணர்ச்சியாளனாக எழுந்தேன்! இடையில் என்னதான் நேர்ந்தது? எனக்குத் தெரிந்தவரை, முதல்முறை பசியோடு எழுதினேன். மறுமுறை உண்டபின் எழுதினேன்.

இந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது? சுவிட்சர்லாந்து நாட்டு உளநோய் மருத்துவர் கார்ல் யுங், 1921-ஆம் ஆண்டு உளவியல் வகைகள் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அகமுகம், புறமுகம் என்ற பாகுபாட்டை உலகறியச் செய்தது அந்நூல். நோயாளிகளைக் கண்டறிந்த பட்டறிவிலிருந்தும், தாம் கற்ற பழைய நூல்களிலிருந்தும் அவர் வகுத்தவை அவ்வகைகள். அளந்து பார்த்து வகுத்தவை அல்ல. ஆயினும் அவர் எச்சரிக்கையானவர். மனிதர்மீது இன்னார் இன்ன வகை என்று சீட்டு ஒட்டுவது சிறுபிள்ளை விளையாட்டு என்ற கருத்தை, 1934-இல் அந்நூலின் மறுபதிப்பொன்றுக்குத் தந்த முன்னுரையில் அவரே எழுதிவைத்தார்.

எச்சரிக்கை ஏட்டில் நின்றது. விளையாட்டு வீதிக்கு வந்தது. அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற அம்மையாரும், அவர் மகள் இசபெல் மையர்சும் யுங்கின் நூலில் உள்ளம் பறிகொடுத்தவர்கள். மகள் அரசியலில் பட்டம் பெற்றவர். உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர் அல்லர். இரண்டாம் உலகப் போரின்போது, புதிதாக வேலைக்கு வரும் பெண்டிர்க்கு ஏற்ற பணியைக் கண்டுகொள்ள உதவும் என்ற நன்னோக்கத்தோடு வினாத்தாள் தொகுக்கலானார். அகமா புறமா, புலனா உள்ளுணர்வா, சிந்தனையா உணர்ச்சியா, தீர்மானித்து முடிப்பவரா திறந்துவைத்திருப்பவரா என நான்கு இரட்டைகள். பெருக்கினால் பதினாறு. அவ்வளவே கணக்கு!

இசபெல் மையர்ஸ் கதை எழுதுபவராகவும் இருந்தார். 1934-இல் வெளிவந்த அவருடைய நாவலில், தென்மாநிலத்து வெள்ளையர் குடும்பம் ஒன்று வருகிறது. தம் குலத்தில் கறுப்பர் இரத்தம் கலந்திருக்கிறது என்ற ஐயம் எழுந்ததும், அக்குடும்பத்தார் ஒருவர் பின் ஒருவராக உயிரை மாய்த்துக்கொள்கிறார்கள்! இரத்தத்தில் விதி எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் எந்தெந்த நாட்டில் எந்தெந்த வேடத்தில் உலவியிருக்கிறது, பாருங்கள். ஆயினும் ஒருவர் எழுதிய கதையைக் காட்டி அவர் தொகுத்த வினாத்தாளைத் தள்ளிவிடுவது பகுத்தறிவாகாது. தாளைத் தாளாகவே எடைபோடுவோம்.

பள்ளி மாணவரை வரிசையில் நிறுத்தி, ஐந்தடிக்கு மேற்பட்டோரெல்லாம் நெட்டையர் குலம், குறைந்தோரெல்லாம் குட்டையர் குலம் என்று கோடு கிழித்தால் என்ன ஆகும்? பெரும்பாலோர் கோட்டுக்கு அருகேதான் நிற்பார்கள். அரை விரற்கடை வேறுபாடு, அடுத்தடுத்து நிற்கும் இருவரை இரு குலத்தவராக்கிவிடும். மனிதரின் இயல்பும் அப்படித்தான். இந்த வினாத்தாளில் மக்கள் பெறும் மதிப்பெண்களை வரைந்து பார்த்தால், இரு குன்றுகளாகப் பிரிந்து நிற்பதில்லை. நடுவில் ஒரே குன்றாகக் குவிந்துகிடக்கின்றன. குன்றின் உச்சியில் கோடு கிழித்துவிட்டு, "இப்பக்கம் ஓரினம், அப்பக்கம் வேறினம்" என்கிறது இந்த முறை. விளைவு? ஐந்து வாரம் கழித்து அதே வினாக்களைக் கொடுத்தால், பாதிப் பேர்வரை வேறு வகைக்குத் தாவிவிடுகிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். 1991-இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அமைத்த குழு, தொழில்வழி காட்டுவதற்கு இதனைக் கையாளும் அளவுக்குத் தக்க ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்தது. பாட்டியின் ஜாதகமாவது ஐந்து வாரத்தில் ராசி மாறாது!

"ஆனால் அப்படியே பொருந்துகிறதே! என் உள்ளத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறதே!" என்பார் நண்பர். கிளி எடுத்துக் கொடுத்த சீட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்ட மக்களும் அதையேதான் சொன்னார்கள். 1948-ஆம் ஆண்டு பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர், தம் மாணவர் 39 பேருக்குத் தேர்வு ஒன்று வைத்தார். ஒரு வாரம் கழித்து, ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயரிட்ட குறிப்பைக் கொடுத்து, உங்கள் இயல்போடு எவ்வளவு பொருந்துகிறது, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர் என்று கேட்டார். சராசரி 4.26! அகமகிழ்ந்த மாணவர்கள் பின்னரே அறிந்தார்கள்: 39 தாள்களிலும் இருந்தது ஒரே குறிப்பு. அதன் வாசகங்களுள் பெரும்பாலானவற்றை ஆசிரியர் எடுத்தது, கடைத்தெருவில் விற்ற சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து! உம்மிடம் பயன்படுத்தாத ஆற்றல் நிரம்ப உண்டு, வெளியே உறுதியாகத் தோன்றினாலும் உள்ளே கலக்கமுண்டு என்ற போக்கில் எழுதினால் எவருக்குத்தான் பொருந்தாது? எங்கள் பள்ளி மணியடிப்பவருக்கும் பொருந்தும், மாவட்ட ஆட்சியருக்கும் பொருந்தும்.

ஒன்றை மறுக்கவில்லை. கூச்சமும் கலகலப்பும் மனிதருக்கு மனிதர் வேறுபடுவது உண்மை. உளவியலார் இன்று ஆளுமையின் ஐந்து பெருங்கூறுகளுள் ஒன்றாக அதனை வைத்து, கூடுதல் குறைவாக அளக்கிறார்கள். தனிமையை விரும்புவது பிழையன்று. நான்குபேர் கூடிய இடத்தில் நாவெழாமல் நிற்பவர் தாழ்ந்தவர் அல்லர். உறக்கமின்றித் தவித்து, ஓயாத எண்ணத்தால் உடல் நலியும் நண்பர் இருப்பாரானால், அவருக்கு வேண்டுவது ஏளனமன்று, மருத்துவரின் துணை. என் சினம் அவர்கள்மீது அன்று. கூச்சத்தைக் கொடியாக்கி, தயக்கத்தைத் தத்துவமாக்கி, அதன்மேல் ஏறி நின்றுகொண்டு பிறரைக் குனிந்து பார்க்கிறார்களே, அவர்கள்மீதுதான்.

அவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். நீட்சேயின் பெயர் நாவில் இருக்கும். நூலின் முதல் முப்பது பக்கத்திற்கு அப்பால் தாள் பிரிக்கப்பட்டிராது. எளிய வினாவுக்கு எளிய விடை சொன்னால் தரம் தாழ்ந்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. ஒரு பள்ளியில் குறிப்பிட்ட தெருப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ அனுப்புகிறார்கள் என்ற செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறா, இல்லையா? "தவறு என்பதை எப்படி வரையறுப்பது?" என்பார். அந்தப் பிள்ளையின் கையில் துடைப்பம் இருக்கிறதே ஐயா! "துடைப்பத்தைத் தனித்துப் பார்க்கக்கூடாது; கட்டமைப்பைப் பார்க்க வேண்டும்." சரி, கட்டமைப்பை எதிர்த்து ஒரு மனு எழுதுவோமா? "மனு எழுதுவதே அக்கட்டமைப்பை ஏற்றுக்கொள்வதாகாதா?" இப்படியே பொழுது சாயும். பிள்ளை கழுவி முடித்து வீட்டுக்குப் போயிருக்கும். இவர், "இன்று ஆழமான உரையாடல்" என்று மனநிறைவோடு வீடு திரும்புவார்.

இவ்வளவும் சோம்பல் என்றால் மன்னித்துவிடலாம். சோம்பலுக்குக் கீழே நச்சு வேர் ஒன்று ஓடுகிறது. நான் சிந்தனை வகை, நீ உணர்ச்சி வகை! கருத்தரங்கத்தில் நூல்நயம் பேசியவர் சிந்தனை வகையாம். அதே அரங்கத்துக்கு விடியுமுன் வந்து நாற்காலி அடுக்கியவர், இரவெல்லாம் சுவரொட்டி ஒட்டியவர், உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்தவர் உணர்ச்சி வகையாம்! மூளை சிலருக்கே பிறவியில் வாய்த்தது. மற்றவர்க்குக் கையும் காலும் நெஞ்சும் போதும். தோழர்களே, இந்தப் பாட்டை நாம் இதற்குமுன் கேட்டதில்லையா? முகத்தில் பிறந்தோர், தோளில் பிறந்தோர், தொடையில் பிறந்தோர், காலில் பிறந்தோர் என்று நம் தாத்தாக்களுக்குப் பாடிக்காட்டிய பாட்டல்லவா அது? மெட்டு மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை. பிறவியிலே வந்தது என்று சொல்லி ஒருவன் தலைக்கு மகுடமும் தோளுக்கு ஓய்வும் ஒருங்கே பெறும் எந்த ஏற்பாட்டையும், அது வடமொழியில் வந்தாலும் ஆங்கிலத்தில் வந்தாலும், ஐயத்தோடு நோக்கும் உரிமையை நமக்குத் தந்தது இந்த இயக்கம். அந்த இயக்கத்தின் பிள்ளையே நெற்றியில் நான்கெழுத்து எழுதிக்கொண்டு நிற்கிறானே!

"எண்ணுவது குற்றமா?" என்று சீறுவார்கள். எண்ணுவது குற்றமன்று. ஆனால் எண்ணுவது வேறு, அசைபோடுவது வேறு. சூசன் நோலன்-ஹோக்சீமா என்ற உளவியல் அறிஞர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த வேறுபாட்டை ஆராய்வதிலேயே செலவிட்டவர். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் ஏற்பட்டது. அதற்கு இரு வாரம் முன்புதான் தற்செயலாக, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் சோர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு விடைகளைப் பதிவு செய்திருந்தார்கள். நடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் அதே மாணவரைச் சந்தித்தார்கள். எனக்கு ஏன் இப்படி, இதன் பொருள் என்ன என்று உள்ளுக்குள்ளேயே உழன்றுகொண்டிருக்கும் பழக்கம் முன்னரே உடையவர்கள்தாம் மற்றவரைவிட மிகுதியாகச் சோர்ந்து கிடந்தார்கள். 1995-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. மனம் சோர்ந்தோரை அசைபோடத் தூண்டிவிட்டு, ஒரு சிக்கலுக்கு வழி சொல்லுங்கள் என்றால், அவர்கள் சொல்லும் வழி தரம் குறைந்ததாகவே இருந்தது. ஆழ்ந்து நோக்குகிறோம், தெளிவு பிறக்கிறது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்க, உள்ளதும் கலங்கிக்கொண்டிருந்தது! மாடும் அசைபோடுகிறது. ஆனால் அது மேய்ந்ததைச் செரிப்பதற்காக அசைபோடுகிறது. மறுநாள் பாலும் தருகிறது.

சிலர் வள்ளுவரைத் துணைக்கு அழைக்கிறார்கள். இறங்குமுன் எண்ணச் சொன்னாரே என்கிறார்கள். சொன்னார்தான். அக்குறளின் பின்பாதியையும் படிக்கட்டும். இறங்கியபின் எண்ணிக்கொள்ளலாம் என்பதை இழுக்கு என்கிறார். வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தின் வாயிலிலேயே நின்று, ஆராய்ச்சிக்கு முடிவு துணிவு கொள்வது, அத்துணிவைக் காலந்தாழ்த்தி உறங்கவிடுவது தீது என்ற கருத்தையும் சொல்லியிருக்கிறார். அவரை அரைக்குறளோடு வழியனுப்புவது நியாயமா?

இங்கிலாந்திலே ஹென்றி கேவண்டிஷ் என்றோர் அறிவியலாளர் இருந்தார். 1731-இல் பிறந்து 1810-இல் மறைந்தவர். கூச்சம் என்றால் அப்படிப்பட்ட கூச்சம்! வீட்டுப் பணிப்பெண்ணிடம் பேச அஞ்சி, இன்ன உணவு வேண்டுமென்று சீட்டு எழுதி மேசைமீது வைப்பாராம். அந்த மனிதர்தாம் உலகின் அடர்த்தியைத் தம் கொட்டகையில் அளந்து 1798-இல் வெளியிட்டவர். கூச்சம் அறிவுக்குத் தடையன்று என்பதற்கு அவரே சான்று. ஆனால் கதையின் மறுபாதியையும் கேளுங்கள். மின்சாரம் பற்றி அவர் கண்டறிந்த பலவற்றை எவருக்கும் காட்டாமல் பெட்டியிலேயே வைத்திருந்தார். கூலோம் 1785-இல் வெளியிட்டதையும், ஓம் 1827-இல் வெளியிட்டதையும் இவர் முன்னதாகவே அறிந்திருந்தார் என்பது, 1879-இல் மேக்ஸ்வெல் அத்தாள்களைத் தொகுத்து அச்சிட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. மறைந்து 69 ஆண்டுக்குப் பின்! அதற்குள் உலகம் வேறு வழியில் நடந்து அங்கே சேர்ந்துவிட்டது. கேவண்டிஷின் பெட்டியில் கண்டுபிடிப்பாவது இருந்தது. நம் நண்பர்களின் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்று எண்ணவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

படிப்பாளி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், நான் அண்ணல் அம்பேத்கரைக் காட்டுவேன். அவரைவிடப் படித்தவர் யார்? கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்றவர்; நூல்களுக்கென்றே இடம்விட்டு வீடு கட்டியவர்; தனிமையில் இரவெல்லாம் படித்தவர். நம் நண்பரின் வினாத்தாளை அவரிடம் கொடுத்திருந்தால், அவரையும் ஆராய்வோர் கட்டத்தில் அடைத்திருக்கும்! அந்தப் படிப்பாளி 1927 மார்ச் 20 அன்று என்ன செய்தார்? மகாட் என்ற ஊரில், சவுதார் குளத்தை நோக்கி ஆயிரக்கணக்கானோரோடு நடந்தார். பொதுக்குளங்களில் தாழ்த்தப்பட்டோர் நீர் எடுக்கலாம் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் செய்திருந்தது. மகாட் நகராட்சியும் அதை ஏற்று மறு ஆண்டே தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் இருந்தது, வாதம் இருந்தது, நியாயம் இருந்தது, தண்ணீர்தான் எட்டவில்லை. எத்தனை நூல் எழுதினாலும் அந்தக் குளத்தின் படியில் இறங்காமல் அந்த உரிமை உரிமையாகாது என்பதை அறிந்த அறிவுதான் அறிவு. இறங்கினார். ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். அன்று மாலையே அவரோடு வந்தவர்கள் அடிபட்டார்கள். தீட்டுக் கழிக்கிறோம் என்று சாணமும் மூத்திரமும் கலந்து குளத்தில் ஊற்றினார்கள் சாதி இந்துக்கள். வழக்கு நடந்தது. பத்தாண்டு கழித்து, 1937-இல், உயர்நீதிமன்றம் அம்மக்களின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு கை நீரைப் பருகுமுன், "நீர் என்பதே ஒரு குறியீடுதானே" என்று அவர் அமர்ந்திருந்தால்?

நம் நாட்டிலும் பாருங்கள். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணங்கள் 1928 முதல் நடந்தன. அவை செல்லும் என்ற சட்டம், அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-இல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட நாற்பதாண்டு காலம், உயர்நீதிமன்றமே அத்தகைய மணம் ஒன்றைச் செல்லாது என்று சொன்ன பின்னும், பிறக்கும் பிள்ளைக்குச் சொத்துரிமை உண்டா என்பதே தெரியாமல், மேடையேறி மாலை மாற்றிக்கொண்டார்கள் ஏழை நெசவாளரும் உழவரும். அவர்கள் எந்த வகையினர் என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை.

இனி, இதை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவனும் பெண் ஒருத்தியும் மணம் செய்துகொள்ள முடிவு செய்தார்கள். சாதி வேறு, மதமும் வேறு. ஆகவே 1967-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு உதவாது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ்தான் பதிவு செய்ய இயலும். அச்சட்டப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, அதைப் பதிவு அலுவலகத்தில் ஊரறிய ஒட்டி, முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அந்த முப்பது நாளும் அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்பதை நான் அறிவேன். பெண் மூன்று வீடு மாறினாள். பிள்ளையாண்டான் வேலைக்குப் போகும் வழியை நாள்தோறும் மாற்றினான். செய்தித்தாளில் நாம் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடும் கொலைகள் இத்தகைய முப்பது நாட்களில்தான் திட்டமிடப்படுகின்றன.

பதிவு நாளன்று மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். முதல் ஆள் நான். இரண்டாமவர் எங்கள் ஊர்த் தையற்காரர். மூன்றாமவராக, தாமே முன்வந்து ஒப்புக்கொண்டவர் நம் நண்பர், சனியை வினாவால் துளைத்தவர்!

முதல்நாள் இரவு பதினொரு மணிக்கு அவரிடமிருந்து நீண்ட மடல் வந்தது. கைப்பேசித் திரையில் உருட்ட உருட்ட முடியவில்லை. திருமணம் என்ற நிறுவனமே உடைமைச் சமுதாயத்தின் படைப்பு என்று தொடங்கியது. அரசின் பதிவேட்டில் கையெழுத்திடுவது காதலை அரசுக்கு அடகு வைப்பதாகாதா என்று வினவியது. தனிமனிதரின் துணிவு கட்டமைப்பை மாற்றுமா, அல்லது மாற்றம் நிகழ்ந்தது என்ற மயக்கத்தை மட்டும் தருமா என்று ஐயுற்றது. இதில் எல்லாக் கோணங்களையும் எண்ணிப் பார்க்கத் தமக்கு இன்னும் சிறிது காலம் தேவைப்படுகிறது என்று முடிந்தது. தம் வகையினர் அவசரத்தில் முடிவெடுக்க இயலாது என்ற குறிப்பும் அடியில் இருந்தது. மடல் முழுதும் தேடினேன்; "எனக்கு அச்சமாக இருக்கிறது" என்ற சொற்றொடர் மட்டும் இல்லை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால், அவரைக் கட்டித் தழுவியிருப்பேன். எனக்கும் அச்சமாகத்தான் இருந்தது.

காலையில் எங்கே போவது, எவரைக் கேட்பது? எங்கள் ஊர் நூலகத்தில் பணிபுரிபவர் ஒருவரை நினைத்தேன். நாளொன்றுக்குப் பத்துச் சொல் பேசினால் மிகுதி. எவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். புத்தகத்தில் முத்திரையிட்டு நீட்டும்போதுகூட நம் கையை மட்டுமே பார்ப்பவர். ஏழு மணிக்கு அவர் வீட்டு வாயிலில் நின்று செய்தியைச் சொன்னேன். இன்ன இன்ன இடர் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஏதேனும் சொல்வாரா என்று நின்றேன். உள்ளே சென்றார்; திரும்பினார்; கையில் அடையாள அட்டை இருந்தது. "பத்துக்கு நூலகம் திறக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

அலுவலகத்தில் பெண் வீட்டார் ஆறேழு பேர் வாயிலை மறித்து நின்றார்கள். வசைமொழிகள் வந்தன. எங்கள் தையற்காரரின் சட்டைப்பை கிழிந்தது. நூலகப் பணியாளர் தலைகுனிந்தபடியே அவர்களுக்கு நடுவே புகுந்து நடந்தார், மேசைக்குப் போனார், காட்டிய இடத்தில் ஒப்பமிட்டார். கை நடுங்கியதை நான் பார்த்தேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. பின் கடிகாரத்தைப் பார்த்தார், பேருந்து நிறுத்தத்தை நோக்கி விரைந்தார்.

நம் நண்பரை அண்மையில் படிப்பகத்தில் கண்டேன். அந்த மடலுக்கு நான் மறுமொழி எழுதவில்லையே என்று குறைப்பட்டார். அதில் தாம் எழுப்பிய வினாக்கள் இன்னும் திறந்தே இருக்கின்றன என்றும், தாம் தொடர்ந்து எண்ணி வருவதாகவும் சொன்னார். மணமக்களுக்குச் சென்ற தைத் திங்களில் மகள் பிறந்தாள். பெயரும் வைத்தாகிவிட்டது.